வாய் காட்டும் நோய்கள்

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது பழமொழி. கூச்சமின்றிப் பேசத் தெரிந்தவன் எங்கு சென்றாலும் வாழ்ந்துகொள்வான் என்பது அதன் பொருள். விலங்கியல் மாணவனாகிய நான் அதற்கு மற்றொரு பொருளும் கூறுவேன். நாம் மௌனமாய் இருக்கும்பொழுதும் நம் வாய் பேசிக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் எது குறைந்தது, எது மிகுந்தது, சிறுவயதில் எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தோம் என்பனவற்றை நாக்கும் ஈறும் பல்லும் சொல்லிவிடுகின்றன. அந்தப் பேச்சைக் கவனிப்பவனும் பிழைப்பான். இப்பாடத்தை நான் முதலில் கற்றது வகுப்பறையில் அன்று, என் வீட்டில்.

அப்பாவின் வாய்

என் தந்தையார் லாரி ஓட்டுநர். நாமக்கல்லில் சரக்கேற்றிக்கொண்டு வடக்கே சென்றால் வீடு திரும்ப இருபது நாளாகும். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, ஒரு நடை முடித்து வந்தவர், பிசைந்த சோற்றை உண்ணாமலே எழுந்துவிட்டார். நாக்கிலும் உள்கன்னத்திலும் தயிர் ஒட்டினாற்போல வெள்ளைப் படலம். கீழ்ப்பற்கள் இரண்டு ஆடின. ஆளும் இளைத்திருந்தார்.

லாரி ஓட்டுநர், வாயில் வெள்ளை, உடம்பில் இளைப்பு: இம்மூன்றையும் சேர்த்து ஊர் ஒரு கணக்குப் போட்டது. எங்கள் பக்கத்தில் எய்ட்ஸ் நோயை லாரித் தொழிலோடு இணைத்துப் பேசும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அம்மா எதுவும் கேட்கவில்லை. அப்பா எதுவும் சொல்லவில்லை. மருந்துக் கடையில் வாய்ப்புண் மருந்து வாங்கித் தடவிக்கொண்டு இரண்டு மாதங்களைக் கடத்தினார். அவருக்கே அந்தப் பயம் இருந்தது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

இறுதியில் பல்வலி தாங்காமல் அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். பல் மருத்துவர் அம்மையார் வாயைப் பார்த்துவிட்டு, பல்லைப் பற்றிக் கேட்கவில்லை. "ராத்திரி எத்தனை தடவைங்க எழுந்திரிக்கிறீங்க? தாகம் அதிகமா இருக்குதுங்களா?" என்று கேட்டார். "நாலஞ்சு தடவைங்க, டாக்டரம்மா" என்றார் அப்பா. இரண்டு இரத்தப் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 238 இருந்தது. எச்.ஐ.வி. பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்த அப்பா, "ரெண்டு மாசத்தைப் பயந்தே போக்கிட்டேனே, கண்ணு" என்றார்.

ஒரே அடையாளம், பல காரணங்கள்

அந்த வெள்ளைப் படலத்திற்குக் காரணம் கேண்டிடா என்னும் பூஞ்சை. நலமாய் இருக்கும் பலருடைய வாயிலும் அது தங்கியிருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கிவைக்கிறது. சர்க்கரை மிகுந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குன்றினாலோ அது தழைத்து வளர்கிறது. ஆதலின் கைக்குழந்தையின் வாயிலும், ஆஸ்துமாவிற்காக ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சுவோர் வாயிலும், நீரிழிவுக்காரர் வாயிலும், எச்.ஐ.வி. தொற்றியவர் வாயிலும் அது தோன்றக்கூடும்.

1986-ஆம் ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். 2004 முதல் அரசு அதற்கான கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கிவருகிறது. ஆகவே என் தந்தைக்கு அந்தத் தொற்றே இருந்திருந்தாலும் ஒளித்துவைப்பதால் நன்மை ஏதும் விளைந்திராது. பரிசோதனையே வழி காட்டியிருக்கும்.

இனி, பல் ஏன் ஆடிற்று? இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தடிக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. ஈறு வீங்கிச் சீழ்பிடிக்கிறது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. 1993-ஆம் ஆண்டு ஹரால்டு லோ என்னும் அறிஞர், ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது பின்விளைவு என்று குறித்தார். இவ்வுறவு இருவழிப்பட்டது. ஈற்றில் தங்கிய அழற்சி, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதைக் கடினமாக்குகிறது. மாத்திரையோடு ஈற்றுக்கும் சிகிச்சை செய்துகொண்ட பின்னரே அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியது.

நாக்கின் நிறம்

நாக்கின் மேற்பரப்பிலுள்ள செல்கள் சில நாள்களுக்கொரு முறை உதிர்ந்து புதிதாகின்றன. இவ்வாறு விரைந்து வளரும் இடத்தில் சத்துக் குறைபாடு விரைவில் வெளிப்படுகிறது. இரும்புச் சத்துக் குறைந்தால் நாக்கு வெளுத்து, அதன் மேலுள்ள நுண்முட்கள் மறைந்து வழவழப்பாகும். பி-12 வைட்டமின் குறைந்தால் நாக்கு சிவந்து எரியும். கடைவாய் வெடிப்பதற்கு இரும்புச் சத்துக் குறைவும் பி வகை வைட்டமின் குறைவும் காரணமாகலாம். மரவள்ளிக் கிழங்கு நம் மண்ணின் பயிர். அதில் பெரும்பகுதி மாவுச்சத்தே. அது பசியை ஆற்றும். ஆனால் இரத்தம் ஊறுவதற்குக் கீரையும் பயறும் முட்டையும் உடன் வேண்டும். கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சமில்லை!

மணல்வாரி அம்மையும் வாயில் தலைகாட்டும். உடலில் தடிப்புகள் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே, உள்கன்னத்தில் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, உப்புத் துகள்போல வெண்புள்ளிகள் காணப்படும். 1896-இல் இதை விவரித்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கோப்லிக்கின் பெயரால் இவை வழங்கப்படுகின்றன.

பல்லில் எழுதிய தண்ணீர்

சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் இருப்பது கடும்பாறை. அதன் தாதுக்கள் சிலவற்றில் ஃபுளோரைடு உண்டு. நிலத்தடி நீர் பாறையோடு நெடுநாள் கிடக்கையில் அது கரைந்து நீரில் கலக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த உச்ச வரம்பு. பற்களின் எனாமல் உருவாகும் ஏறக்குறைய எட்டு வயது வரையிலான காலத்தில் மிகுந்த ஃபுளோரைடு சேர்ந்தால், வெண்கோடுகளும் பழுப்புக் கறையும் பல்லில் நிலைத்துவிடும். பல் விளக்காததால் வந்த அழுக்கு என்று அதை எண்ணுவது தவறு. கறையை மறைக்கக் கையால் வாய்பொத்திச் சிரிக்கும் தோழியர் என் வகுப்பிலும் உண்டு. அவர்கள் செய்த குற்றம் யாது? ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்ததுதான்.

நெடுங்காலம் இந்நீரை அருந்தினால் எலும்பும் மூட்டும் விறைக்கும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இக்கொடுமை 1937-லேயே மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. அண்டையிலுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. நீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதித்துப் பார்ப்பதே முறை. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முகாம் நடக்கும் ஊர்களில் இப்பணியை மேற்கொள்ளலாம்.

கண்ணாடி முன் ஐந்து நிமிடம்

மாதம் ஒரு முறை பகல் வெளிச்சத்தில் நம் வாயை நாமே பார்த்துக்கொள்ளலாம். நாக்கை நீட்டி மேற்புறத்தையும், மடித்து அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். உதட்டையும் கன்னத்தையும் விலக்கி ஈறுகளைக் கவனிக்க வேண்டும். ஈற்றில் இரத்தம் கசிதல், பல் ஆடுதல், துடைத்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் மருத்துவரை நாடுக. கடைசி இரண்டும் புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். புகையிலை போடுவோர் மிகவும் கவனமாயிருத்தல் நன்று. அதேபோல் வீண் அச்சமும் ஆகாது. நம்மவர் பலருக்கு ஈறு கறுத்திருப்பது இயற்கை நிறமே.

நண்பர்களே, வாய் ஒரு சாட்சி, நீதிபதி அன்று. அது குறிப்புக் காட்டும். தீர்ப்பைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். என் ஊரார் சாட்சியைக் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்பெழுதினார்கள். அத்தீர்ப்புக்கு அஞ்சி என் தந்தை சாட்சியையே மறைத்தார். இவ்விரு பிழைகளுக்கும் இடையில் இரண்டு மாதங்கள் வீணாயின. அப்பா இன்று மாத்திரைப் பெட்டியோடும் பல் துலக்கும் பிரஷோடும் லாரி ஓட்டுகிறார். வழியில் சந்திக்கும் ஓட்டுநர்களிடம், "ஈறுல ரத்தம் வந்தாச் சர்க்கரையைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லத் தவறுவதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும். பிறரையும் பிழைக்க வைக்கும்.