பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எஞ்சினுக்கு முன்னே ஏடுகள்

புதிதாக வாங்கினால் ஒரு கோடியை நெருங்கும் ஸ்போர்ட்ஸ் கார், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின் அதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் மனம் அதன் பின்னே செல்வது இயல்பே. பெங்களூரில் இத்தகைய வாய்ப்புகள் அரியவை அல்ல. ஆசையுடன் வாங்கிய உரிமையாளர் நெரிசலில் சலித்துப்போய், இரண்டே ஆண்டுகளில் விற்க முன்வருவதும் உண்டு. ஆனால் விலை பாதியாகக் குறைந்தாலும் உதிரிப் பாகங்களின் விலை குறைவதில்லை. வரியும் முழுதாக மறைந்துவிடுவதில்லை. ஆகவே வண்டியைப் பார்க்கும் முறையைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு காரைக் கற்பனை செய்துகொள்வோம். 2013ஆம் ஆண்டின் போர்ஷே பாக்ஸ்டர், ஓடிய தூரம் 24,000 கிலோமீட்டர், கேட்கும் விலை 45 இலட்சம் ரூபாய், பதிவெண் புதுச்சேரியுடையது. வாங்க விரும்புபவர் அல்சூர் ஏரிக்கு அருகில் குடியிருப்பவர். சேமிப்பின் பெரும்பகுதியை இதில் இடவும், எஞ்சியதற்குக் கடன் பெறவும் எண்ணியிருக்கிறார். பொதுவாக இந்நிலையில் எல்லோரும் முதலில் எஞ்சினை இயக்கி அதன் ஓசையைக் கேட்பார்கள். அந்த ஓசையைக் கேட்டபின் பேரம் பேசும் வலிமை பாதியாகிவிடும் என்பது நமது கருத்து. முதலில் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் படிப்பதே நன்று.

பதிவெண்ணிலிருந்தே தொடங்குவோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கப்படுமானால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்கு முதலில் பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். புதிய மாநிலத்தின் ஆயுட்கால வரியும் செலுத்த வேண்டும். கர்நாடகத்தில் 20 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு அந்த வரி 18 விழுக்காடு. அதன்மேல் மேல்வரியும் உண்டு. இங்கேதான் பலர் கணக்குத் தவறுகின்றனர். வரிக்கு அடிப்படையாவது வண்டியின் ஆதி விலை. இன்று நாம் தரும் 45 இலட்சம் அன்று. புதிதில் அதன் விலை 80 இலட்சம் எனக் கொண்டால் 18 விழுக்காடு என்பது 14.4 இலட்சம். வண்டியின் வயதுக்கேற்ப இத்தொகை குறைக்கப்படும். பாதியாகக் குறைந்ததாக வைத்துக்கொண்டாலும் ஏழு இலட்சத்துக்கு மேல் நிற்கிறது. விற்பவர் கூறும் 45 இலட்சத்தில் இத்தொகை அடங்கவில்லை. வண்டி நம் பெயருக்கு வந்தபின் அதைச் செலுத்தும் பொறுப்பும் நம்மைச் சேரும்.

இது வெறும் சட்டப் புத்தகச் செய்தி என்று எண்ண வேண்டாம். 2025 பிப்ரவரியில் பெங்களூரில் போக்குவரத்துத் துறையினர் சோதனை நடத்தி, கர்நாடக வரி செலுத்தாமல் ஓடிய வெளிமாநிலப் பதிவுகொண்ட முப்பது ஆடம்பரக் கார்களைப் பறிமுதல் செய்தனர். அவ்வாண்டு ஜூலையில் மகாராட்டிரப் பதிவுடன் நகரில் ஓடிய ஒரு ஃபெராரிக்கு வரியும் தண்டமுமாகச் சுமார் 1.42 கோடி ரூபாய் வசூலாயிற்று. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் அங்கே பதிவு செய்யப்பட்டு, அந்நகரின் கடற்காற்றைக் காணாமலே பெங்களூரில் வயதான வண்டிகள் பல. அவற்றின் இரண்டாம் உரிமையாளராக நாம் ஆகும்போது முதல் உரிமையாளர் மிச்சம் பிடித்த வரி நம் கணக்கில் ஏறுகிறது. எனவே நம் எடுத்துக்காட்டில் பேரம் 45 இலட்சத்திலிருந்து தொடங்கக் கூடாது. மறுபதிவுச் செலவைக் கழித்த தொகையிலிருந்தே தொடங்க வேண்டும். கே.ஏ. 03 போன்ற உள்ளூர்ப் பதிவெண் கொண்ட அதே வகை வண்டி ஐந்து இலட்சம் கூடுதலாகச் சொல்லப்பட்டாலும் அது மலிவாக முடியக்கூடும்.

பதிவுச் சான்றில் அடுத்துக் காண வேண்டியது, பேச்சு வழக்கில் எச்.பி. எனப்படும் அடமானக் குறிப்பு. கடன் முழுதும் அடைக்கப்பட்டிருந்தாலும், கடன் தந்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றுடன் படிவம் 35 கொடுத்து அக்குறிப்பை நீக்கினால்தான் பதிவேட்டில் வண்டி விடுபட்டதாகும். ஒன்றிய அரசின் வாகன் பதிவேட்டிலும் எம்-பரிவாகன் செயலியிலும் பதிவெண்ணைக் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம். விற்பவர் காட்டும் நகலை மட்டும் நம்பாமல் பதிவேட்டைப் பாருங்கள். பின்னர் வண்டியில் பொறிக்கப்பட்டுள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் சான்றில் உள்ளவற்றுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

அந்த ஒப்பீடுகூடச் சில சமயங்களில் போதாது என்பதற்கு 2020 டிசம்பரில் வெளிவந்த டி.சி. அவந்தி வழக்கு சான்று. இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அது. மும்பைக் காவல் துறையின் குற்றப்பிரிவினர் ஒரு வண்டியைப் பிடித்து ஆராய்ந்தபோது, தமிழ்நாட்டில் பதிவான அவ்வண்டியின் எஞ்சின், சேஸிஸ் எண்களையே கொண்ட மற்றொரு வண்டி ஹரியானாவிலும் பதிவாகியிருந்ததாகத் தெரிவித்தனர். ஒரே காரைக் காட்டி ஒன்றுக்கு மேற்பட்ட கடன்கள் பெறப்பட்டன என்பதும் காவல் துறையின் குற்றச்சாட்டு. காகிதம் உண்மையாகவும், எண் பொருத்தமாகவும், ஆனால் வண்டியின்மீது வேறொருவருக்கும் உரிமை உள்ளதாகவும் இருக்கலாம் என்னும் நிலை அச்சந்தருவதே. எண்ணிக்கையில் குறைவாகத் தயாரான வண்டிகளை வாங்கும்போது, உற்பத்தியாளரிடமோ அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிடமோ அந்தச் சேஸிஸ் எண்ணின் பராமரிப்பு வரலாற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது இதற்கு ஓரளவு காப்பு.

பதிவேட்டில் உள்ள உரிமையாளரே நம் எதிரில் அமர்ந்திருக்கிறாரா என்பதும் கேள்வி. கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்கள் 29, 30 ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் மாற்றம் செய்யாமலே வண்டியைக் கைமாற்றும் தரகர்கள் உண்டு. இவ்வாறு பெயர் மாறாமல் பலரிடம் கைமாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பளித்தது. ஆகவே நேர்மையான விற்பனையாளருக்குப் பெயர் மாற்றத்தில் நம்மைவிட அவசரம் இருக்க வேண்டும். ‘பெயரை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்’ என்று அவர் சொன்னால் நாம் அங்கே சற்று நின்று யோசிக்கலாம்.

ஏடுகள் தெளிவானால் வண்டியிடம் செல்வோம். தென்னிந்தியாவில் முதல் ஐயம் வெள்ளத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில், 2022 செப்டம்பரில் பெங்களூரின் யமலூர், பெல்லந்தூர்ப் பகுதிகளில், விலையுயர்ந்த கார்கள் நீரில் மூழ்கிக் கிடந்ததை நாம் அறிவோம். பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதனை முழு இழப்பாகக் கொண்டு, உரிமையாளருக்குப் பணம் தந்துவிட்டு வண்டியை அந்நிலையிலேயே விற்றுவிடும். அது எங்கோ கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வரலாம். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை ஒரு கோடாக நிற்கும். இருக்கை நகரும் தண்டவாளங்களில் துரு, ஃபியூஸ் பெட்டியின் மூலையில் நுண்மணல், தரைவிரிப்பின் அடியிலுள்ள நுரைப்பஞ்சில் ஈர வாடை ஆகியவை எளிதில் மறைவதில்லை. பழைய வண்டியில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். முந்தைய காப்பீட்டுக் கோரிக்கைகளின் விவரத்தை விற்பவர் மூலமாகவே காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பெறலாம்.

பாக்ஸ்டருக்கு வெள்ளம் வராமலே நீர் உள்ளே நுழையும் வழியொன்று உண்டு. மடங்கும் துணிக் கூரையின் ஓரங்களில் மழைநீர் வடியும் துளைகள் உள்ளன. மரங்கள் அடர்ந்த தெருவில் நாட்கணக்கில் நிற்கும் வண்டியில் சருகுகள் அவற்றை அடைத்துவிட்டால் நீர் இருக்கையின் அடியில் தேங்கி மின்னணுப் பாகங்களைக் கெடுக்கும். முன்பம்பரின் இருபுறக் காற்றுத் துவாரங்களிலும் அதே சருகுகள் தங்கி மட்கி, பின்னாலுள்ள ரேடியேட்டரையும் குளிர்சாதனக் கண்டன்சரையும் அரிக்கும். கைவிளக்குடன் குனிந்து பார்த்தாலே தெரியும். அல்சூரில் மரநிழலில் காரை நிறுத்தப் போகிறவர், வாங்கிய பின்னும் மாதமொருமுறை இதனைச் செய்ய வேண்டியிருக்கும்.

எஞ்சினை, அது முற்றிலும் குளிர்ந்திருக்கும்போதே இயக்கச் சொல்லுங்கள். நாம் செல்லும் முன்பே வண்டி சூடேற்றி வைக்கப்பட்டிருந்தால் மற்றொரு நாள் வருவதாகக் கூறித் திரும்பிவிடலாம். குளிர்ந்த நிலையில் எழும் உலோக ஒலியும் நீலப் புகையும் சூடேறியபின் மறைந்துவிடக்கூடியவை. எந்த ஆண்டின் எஞ்சின் என்பதும் முக்கியம். 1997 முதல் 2008 வரை தயாரான பாக்ஸ்டர், 911 கார்கள் பலவற்றின் எஞ்சினில் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் பழுதடைந்து எஞ்சினையே அழித்துவிட்ட நிகழ்வுகள் உலகெங்கும் அறியப்பட்டவை. 2009க்குப் பிந்தைய புதிய எஞ்சினில் அந்தப் பாகமே இல்லை. நம் எடுத்துக்காட்டு வண்டிக்கு இந்தக் கவலை வேண்டாம். மிக மலிவாக ஒரு 2005ஆம் ஆண்டு வண்டி வந்தால் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்து, அந்நிறுவன வண்டிகளை அறிந்த பணிமனையில் ஸ்கேனரை இணைத்து எஞ்சின் கட்டுப்பாட்டுக் கருவியின் பதிவைப் படிக்கச் சொல்லுங்கள். போர்ஷேயில் எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் இயங்கியது என்பது அதில் இருக்கும். கிலோமீட்டரை அந்த மணிக்கணக்கால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். டாம்டாம் நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெங்களூர் நகரின் நடுவே 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 28 நிமிடம் 10 விநாடி ஆயிற்று. அதாவது மணிக்கு 21 கிலோமீட்டர். நம் வண்டி 24,000 கிலோமீட்டருக்கு 1,200 மணி நேரம் என்று காட்டினால் கணக்கு ஒத்துவருகிறது. 3,000 மணி நேரம் என்று காட்டினால் சராசரி வேகம் 8 கிலோமீட்டர்தான். பெங்களூர் நெரிசலைப் பற்றி நாம் எவ்வளவு குறைப்பட்டுக்கொண்டாலும் அது நம்பத்தக்கது அன்று! வாரந்தோறும் நிறுத்திய இடத்திலேயே இயக்கி வைக்கப்பட்ட வண்டியாக இருந்தால் மணிக்கணக்கு சற்றுக் கூடும்; இல்லையேல் கிலோமீட்டர் திருத்தப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. கையால் கியர் மாற்றும் வண்டியானால், தவறான கியரில் விழுந்து எஞ்சின் அளவு மீறிச் சுழன்ற தருணங்களும் அதே கருவியில் பதிவாகியிருக்கும்.

டயர்களில் தேய்மானத்தை விட வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். குறைவாக ஓடும் இவ்வகைக் கார்களில் பட்டன் குறையாமலே ரப்பர் கெட்டியாகிவிடுகிறது. வண்ணப்பூச்சின் தடிமனை அளக்கும் சிறு கருவி 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டினால் பெரும்பாலும் ஆலைப் பூச்சு. ஓரிடத்தில் மட்டும் 300க்கு மேல் சென்றால் அங்கே பட்டி பூசி மறைத்த அடி இருக்கிறது. நம் ஊர் வேகத்தடைகளில் உரசிய அடிப்புறத் தகடுகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சஸ்பென்ஷனில் எண்ணெய்க் கசிவு இருந்தால்தான் விலையில் கழிக்க வேண்டும். எரிபொருள் மூடியின் உட்புறத்தில் எத்தனை விழுக்காடு எத்தனால் ஏற்கும் என்று குறிப்பு இருக்கும். இன்று நாடெங்கும் விற்பனையாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் அதனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஞாயிறு அதிகாலையில் பழைய மெட்ராஸ் சாலை போதும். வேகம் காட்டத் தேவையில்லை. கைகளைச் சற்றுத் தளர்த்தினால் வண்டி ஒருபுறம் இழுக்கிறதா, பிரேக் மிதியில் துடிப்பு உண்டா, மெதுவாக நகரும்போது கியர் மாற்றம் உதறுகிறதா என்பவற்றை அறிந்தால் போதும்.

இனிப் பணம். வண்டியின் வயது கூடக்கூட வங்கிகள் தரும் கடனின் அளவும் தவணைக் காலமும் பொதுவாகக் குறையும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் வண்டிக்கு அந்நாள் தொலைவில் இல்லை. எனவே விலை பேசும் முன்பே நம் கிளையில் இந்த ஆண்டு, இந்த வகை வண்டிக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கேட்டறிதல் நலம். முன்பணம் கொடுத்தபின் கேட்பவர்களே அதிகம். கையிருப்பு முழுவதையும் விலையிலேயே செலவிட்டுவிடாமல், முதலாண்டுப் பழுதுபார்ப்புக்கென ஒரு தொகையைத் தனி வைப்பாக ஒதுக்குங்கள். விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது நம் மதிப்பீடு. செராமிக் பிரேக் வட்டுகள் உள்ள வண்டிக்கு அதுவும் போதாது.

விலையின் ஒரு பகுதியை ரொக்கமாகத் தரும்படி விற்பவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒரே பரிமாற்றத்தில் 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது. தண்டம் பெறுபவருக்கே என்றாலும், பின்னர் தகராறு எழுந்தால் ரொக்கமாகத் தந்ததை மெய்ப்பிக்க வழியற்று நிற்பவர் வாங்கியவரே. பதிவேட்டில் உள்ள உரிமையாளரின் வங்கிக் கணக்கிற்கே தொகையை அனுப்புங்கள். முன்பணத்துடன் ஒரு சிறு ஒப்பந்தம் எழுதி, புதுச்சேரி அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் அடமான நீக்கமும் கிடைத்தபின்பே மீதித் தொகை என்று அதில் குறிப்பிடுங்கள். வண்டி கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றும்வரை பிறருக்கு நேரும் இழப்புக்குக் காப்பு தொடரும். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்குக் கோரிக்கை மறுக்கப்படலாம். பழைய உரிமையாளரின் கோரிக்கையற்ற ஊக்கச் சலுகை அவருடனேயே சென்றுவிடும் என்பதால் காப்பீட்டுக் கட்டணமும் அவர் செலுத்தியதைவிடக் கூடுதலாகவே வரும்.