புவியியல்: முருகைக்கற்பாறையும் சுற்றுலாக் கைத்தொழிலும் (மாலைதீவு ஓர் எடுத்துக்காட்டு)

பௌதிகச் சூழலுக்கும் பொருளாதார நடவடிக்கைக்கும் உள்ள தொடர்பை விளக்குமாறு கேட்கப்படும்போது, “அழகிய கடற்கரை உண்டு; ஆகவே சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர்” என்று எழுதி மாணவர் பலர் நிறுத்திவிடுகின்றனர். இது குறிப்பிடுதலேயன்றி விளக்கமன்று. காரணம் எவ்வாறு விளைவாகின்றது எனப் படிப்படியாகக் காட்டுவதே விளக்கமாகும். மாலைதீவுக்குச் சுழியோடச் செல்லும் பயணியின் விடுமுறையைக் கொண்டு இதனை நோக்குவோம்.

1. அமைவிடமும் தோற்றமும்

இலங்கைக்குத் தென்மேற்கே இந்து சமுத்திரத்தில் ஏறத்தாழ 1190 சிறு தீவுகளைக் கொண்ட நாடு மாலைதீவு. இத்தீவுகள் வளைய வடிவான முருகைத்தீவுக் கூட்டங்களாக அமைந்துள்ளன. இவ்வளையத்தைக் குறிக்கும் ‘அட்டோல்’ என்ற சொல்லே மாலைதீவின் திவெகி மொழியிலிருந்து வந்ததாகும். வளையத்தின் நடுவே ஆழங்குறைந்த களப்பு காணப்படும். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 1 மீற்றருக்கும் குறைந்த உயரமுடையது.

2. பௌதிகக் காரணிகள்

(அ) வெப்பநிலை: மத்திய கோட்டை அண்டிய அமைவிடமாதலால் ஆண்டு முழுவதும் கடல்நீர் இளஞ்சூடாக உள்ளது. இது முருகை வளர்ச்சிக்கு ஏற்றது.

(ஆ) தெளிந்த நீர்: இங்கு ஆறுகள் இல்லை. எனவே வண்டல் கலப்பதில்லை. சூரியஒளி ஆழம்வரை செல்கின்றது. முருகையின் இழையங்களில் வாழும் அல்காக்கள் ஒளித்தொகுப்புச் செய்து முருகைக்கு உணவளிக்கின்றன. அதே தெளிவே சுழியோடிக்குத் தூரம்வரை பார்க்க உதவுகின்றது.

(இ) பருவக்காற்று: வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தின் வறண்ட மாதங்களில் பயணிகள் வருகை அதிகம். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் பா அட்டோலின் ஹனிபரு குடாவில் மிதக்கும் நுண்ணுயிர்கள் செறிவதால் அவற்றை உண்ண மன்ரா திருக்கைகள் கூடுகின்றன. அங்கு வளித்தாங்கியுடன் சுழியோடுவது தடைசெய்யப்பட்டுள்ளது.

3. மானிடக் காரணிகள்

முதலாவது உல்லாச விடுதி 1972 இல் தலைநகர் மாலேக்கு அண்மையில் தொடங்கப்பட்டது. மக்கள் வாழாத ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே இத்துறை வளர்ந்த முறை. மின்சாரமும் குடிநீரும் அத்தீவிலேயே உற்பத்தி செய்யப்படுகின்றன. பிற்காலத்தில் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் விடுதிகள் அனுமதிக்கப்பட்டன.

2010 இல் சுறா பிடித்தல் தடைசெய்யப்பட்டது. பிடித்த சுறாவை ஒருமுறைதான் விற்கலாம். உயிருள்ள சுறாவைக் காண ஆண்டுதோறும் பயணிகள் வருவர்.

பொழுதுபோக்குச் சுழியோடலுக்கு 30 மீற்றர் ஆழமே எல்லை. ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அமுக்கம் ஏறத்தாழ ஒரு வளிமண்டலத்தால் கூடுகின்றது. நைதரசன் குருதியில் கரைகின்றது. விரைந்து மேலெழுந்தால் அது குமிழிகளாகி உயிராபத்தை விளைவிக்கும். பலமுறை சுழியோடியவர் விமானமேற முன்னர் குறைந்தது 18 மணித்தியாலம் காத்திருக்க வேண்டுமென அறிவுறுத்தப்படுகின்றார். எனவே விடுமுறையின் கடைசி நாள் கரையிலேயே கழிகின்றது.

4. பிரச்சினைகள்

1998 இல் எல் நினோவின் விளைவாகக் கடல்நீர் மிகையாகச் சூடேறியது. முருகைகள் தம்முள் வாழ்ந்த அல்காக்களை இழந்து வெளிறின. ஆழங்குறைந்த பகுதிகளில் பெரும்பாலானவை இறந்தன. 2016 இல் மீண்டும் பெருமளவில் வெளிறல் நிகழ்ந்தது. நங்கூரமும் கவனமற்ற சுழியோடியின் காலும்கூட முருகையை உடைக்கும். உணவுப்பொருட்களில் பெரும்பாலானவை இறக்குமதி செய்யப்படுவதால் ஈட்டிய அந்நியச் செலாவணியில் ஒரு பகுதி வெளியேறுகின்றது.

இங்கு ஒன்றைக் கவனிக்குக. அலையைத் தடுப்பது முருகைக்கற்பாறை; தீவின் மணலும் பெரும்பாலும் முருகையின் சிதைவே. ஆகவே முருகை அழிந்தால் மாலைதீவு இழப்பது வருமானத்தை மட்டுமன்று, காலடி நிலத்தையுமாகும்.

5. மாதிரி வினா

“முருகைக்கற்பாறையைப் பாதுகாப்பது மாலைதீவின் பொருளாதாரத்திற்கு இன்றியமையாதது.” விளக்குக.

விடைக்குறிப்பு: ஆறின்மை → தெளிந்த நீர் → முருகை வளர்ச்சி → சுழியோடிகள் வருகை → அந்நியச் செலாவணி என்ற தொடரை முதலில் எழுதுக. பின்னர் வெப்பமுயர்வு → வெளிறல் → வருகை குறைதல், கரையரிப்பு என்ற தொடரை எழுதுக. 1998, 2016 ஆகிய ஆண்டுகளைச் சான்றாகத் தருக. இலங்கை உதாரணம் கேட்கப்படின், 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட நிலாவெளிப் புறாத்தீவைக் குறிப்பிடலாம். அம்புக்குறிகளை விடைத்தாளில் இடாது, “இதனால்”, “ஆகவே” என்னும் சொற்களால் முழு வாக்கியங்களாக்குக.