கட்டையும் அல்ல, கல்லும் அல்ல

கேள்வி: யார் மீட்படைவார் என்று கடவுள் முன்பே குறித்துவிட்டார் என்றால், மனிதன் வெறும் பொம்மைதானே?

பதில்: இந்த முன்குறித்தலைப் போதித்த சீர்திருத்தவாதி கால்வினைப் படிக்காதவர்கள்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள். மனிதனுக்குச் சித்தமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. 1559இல் இறுதி வடிவம் பெற்ற தம் பெருநூலில், ‘தவிர்க்க முடியாதது’ வேறு, ‘பலவந்தம்’ வேறு என்று பிரிக்கிறார். கடவுளால் தீமை செய்ய முடியாது. அதற்காக அவர் வேண்டாவெறுப்பாக நன்மை செய்கிறார் என்று யாராவது சொல்வார்களா? பாவியும் அப்படித்தான். யாரும் கையைப் பிடித்து இழுக்காமல், விரும்பியே பாவம் செய்கிறான். அந்த விருப்பமே கெட்டுக் கிடப்பதால்தான், அதைத் திருத்தும் கிருபை வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய, கால்வின் வழிவந்த சபைகளின் பேரவை, அவருடைய முன்குறித்தல் கொள்கையை எதிர்த்த அர்மீனியஸின் சீடர்களை மறுத்தது. கிருபை மனிதரைக் கட்டையாகவோ கல்லாகவோ நடத்துவதில்லை என்று எழுதிவைத்ததும் அதே பேரவைதான். எதிர்ப்பாளர்கள் கண்ணில் இது ஏனோ படுவதில்லை!

‘அப்படியானால் பிரசங்கம் எதற்கு?’ என்பார்கள். செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரி, கால்வின் கொள்கையை ஏற்ற பாப்டிஸ்ட். எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அவர் சும்மா இருக்கவில்லை. 1793இல் வங்காளத்துக்குக் கப்பலேறினார். அவருடைய ஊழியத்தில் முதல் இந்து ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில்தான்; அதுவரை அவர் பிரசங்கத்தைக் கைவிடவில்லை.