பழைய வீடு வாங்குமுன் பழுதைக் கணக்கிடுதல்

புதிதாக வீடு கட்டும் வசதி எல்லா அங்கத்தினருக்கும் வாய்ப்பதில்லை. ஆகையால் கிளியனூர் வட்டாரத்தில் நெசவாளரும் விவசாயிகளும் பழைய ஓட்டு வீட்டையோ மெத்தை வீட்டையோ விலைக்கு வாங்க முற்படுவதுண்டு. அவ்வாறு வாங்குவோர் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் கவனமாகப் பார்க்கின்றனர். வீட்டின் பழுதையோ பலரும் கிரயம் முடிந்த பிறகே பார்க்கின்றனர். சேமிப்பும் கடனும் கிரயத்திலேயே தீர்ந்துவிட்டால், ஒழுகும் கூரையைப் புதுப்பிக்கக் கையில் பணமிராது. கிரயத் தொகையும் பழுது பார்க்கும் செலவும் சேர்ந்ததே வீட்டின் உண்மையான விலை. அச்செலவை முன்கூட்டியே கணக்கிடும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

1. நீரின் வழியே பார்த்தல்

வீட்டுப் பழுதுகளுள் பெரும்பாலானவை தண்ணீரால் விளைபவை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நமக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. புதுச்சேரிக் கடற்கரையில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘மேரி’ என்னும் நகராட்சிக் கட்டடம், நெடுங்காலம் செப்பனிடப்படாமல் நலிந்து, 2014 நவம்பரில் பெய்த கனமழையில் இடிந்து விழுந்தது. பின்னர் அதனைப் பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே மழைநீர் எங்கே விழுகிறது, எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது என்ற வரிசையில் வீட்டைப் பார்த்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்த மறுநாள் பார்ப்பது நன்று. அண்மையில் வெள்ளையடித்த வீடாயின் இரட்டிப்புக் கவனம் தேவை. வெள்ளை கறையை மறைக்கும்.

2. கூரை

ஓட்டு வீட்டில் உடைந்த ஓடுகளை மாற்றுவது சிறு செலவு. மரத்தை மாற்றுவது பெருஞ்செலவு. பனங்கைகள் சுவரில் பதியும் முனையே முதலில் உளுக்கும். அங்கே கூரிய ஊசியால் குத்திப் பார்க்கவும். ஊசி எளிதில் இறங்கினால் அந்த மரம் பயன்படாது.

கொத்தனார்கள் ‘மதராஸ் டெரஸ்’ எனக் குறிப்பிடும் பழைய மெத்தையில், மரக்கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்திட்டு அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டோடு பதித்திருப்பார்கள். பாரம் முழுவதையும் தாங்குவன கட்டைகளே. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் இருமுனைகளுக்கு நூல் பிடித்தால் நடுவிலுள்ள தொய்வு தெரிந்துவிடும். கான்கிரீட் தளமாயின், செங்காவி நிறக் கறையும் பெயர்ந்த பூச்சும் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்ததன் அடையாளங்கள்.

3. சுவர்

பூச்சில் மட்டும் காணும் மயிரிழை வெடிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, சுவரையும் ஊடுருவும் விரிசல், அஸ்திவாரம் இறங்கியதைக் காட்டக்கூடும். விரிசலின் உட்புறம் அழுக்கேறியிருந்தால் அது பழையது. வெளுப்பாக இருந்தால் புதியது. விற்பவர் இசைந்தால், விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டொன்றைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதி வைக்கலாம். சில வாரங்களில் கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்று பொருள்.

சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தால் தரையின் ஓதம் மேலேறுகிறது. சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டிய சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு இதற்குப் பரிகாரமன்று. அது ஈரத்தை வெளியேற விடாமல் உள்ளே அடைத்துவிடும். சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது.

நிலைப்படியின் அடியில் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்பதையும் தட்டிப் பார்த்தறிக.

4. தரையும் சுற்றுப்புறமும்

தெருச் சாலையை மீண்டும் மீண்டும் உயர்த்தியதால், வாசற்படி சாலைக்குக் கீழே போன வீடுகள் பல உண்டு. அத்தகைய வீட்டிற்குள் மழைநீர் புகும். குழித்தறி போடும் நெசவாளருக்கு இது பிழைப்பையே தடுக்கும் குறை. குழியில் நீர் ஊறினால் தறி நிற்கும், பாவும் கெடும். நெல்லும் மணிலாவும் சேமிக்கும் விவசாயிக்கோ ஈரத் தரையால் பூஞ்சை பிடித்து விளைபொருள் வீணாகும். சென்ற மழையில் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அண்டை வீட்டாரைக் கேட்பது நல்ல வழி.

5. கணக்கு

விற்பவரையோ தரகரையோ சாராத ஒரு கொத்தனாரையும் ஒரு தச்சரையும் அழைத்துச் சென்று, வேலைகளை மூன்றாகப் பிரித்து எழுதுக: உடனே செய்ய வேண்டியவை, ஓராண்டுக்குள் செய்ய வேண்டியவை, பின்னர் செய்யத்தக்கவை. மறைந்த பழுதுகளுக்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்க.

உதாரணமாக, விற்பவர் கேட்பது 8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உடனடி வேலைக்கு 1 லட்சமும், ஓராண்டு வேலைக்கு 50 ஆயிரமும் ஆனால் மொத்தம் 1 லட்சத்து 50 ஆயிரம். ஐந்தில் ஒரு பங்காகிய 30 ஆயிரத்தையும் கூட்ட 1 லட்சத்து 80 ஆயிரம். ஆக, பத்திரச் செலவு நீங்கலாக அவ்வீட்டின் விலை 9 லட்சத்து 80 ஆயிரம். இத்தொகை நம் சக்திக்கு மிஞ்சினால் விலையைக் குறைக்கக் கேட்க வேண்டும். அல்லது விட்டுவிட வேண்டும். முன்பணம் கொடுக்குமுன்பே இப்பேச்சு முடிதல் அவசியம். இடித்துக் கட்ட வேண்டிய வீடாயின், மனையின் விலையிலிருந்து இடிக்கும் செலவைக் கழித்து, எடுத்துப் பயன்படுத்தத்தக்க மரத்தின் மதிப்பைக் கூட்டி, அதற்கு மேல் கொடுத்தல் தகாது.

வாங்கிய பின் முதலில் கூரை, அடுத்து நீர் வடிகால், பிறகு சுவர், இறுதியில் தளமும் வர்ணமும் என்ற முறையில் வேலை நடைபெற வேண்டும். ஒழுகும் கூரையின்கீழ் அடித்த வர்ணம் அடுத்த மழைக்கு நில்லாது.

கலந்தாராய வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் வாசற்படி சாலைக்குத் தாழ்ந்த வீடுகள் எவை? அவற்றில் தறி போடுவது எங்ஙனம்?
2. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர் உள்ளனர்?
3. கிரயத்துக்கு வாங்கும் கடனில் பழுதுச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுகிறோமா?