பழைய லேப்டாப்பில் அப்டேட் வந்தால்...



ஒரு கூட்டமைப்பு அலுவலகத்தில் லேப்டாப்பில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆகியும் முடியவில்லை. கணக்காளர் பயந்துபோய் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டார். அப்புறம் விண்டோஸ் திறக்கவே இல்லை. குழுக்களின் கடன் கணக்கு மொத்தமும் அதற்குள்தான். நல்லவேளை, பேரேடு கையால் எழுதியிருந்தது. அதைப் பார்த்து மறுபடி ஏற்ற பதினோரு நாள் ஆச்சு.

அவரைக் குறை சொல்ல மாட்டோம், நாங்களே முன்பு அப்படிச் செய்திருக்கிறோம். 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க் என்றால் பெரிய அப்டேட்டுக்குச் சில மணி நேரம்கூட ஆகும். டிஸ்க் விளக்கு மினுக்கினால் வேலை நடக்குதுன்னு அர்த்தம், தொடாதீங்க. பேட்டரி செத்த லேப்டாப்பில் கரண்ட் போனாலும் இதே கதிதான், யுபிஎஸ்ஸில் மாட்டுங்க. கூட்ட நாளில் அப்டேட் வேண்டாம். முந்தின நாளே கணக்கை பென் டிரைவில் நகல் எடுத்து, வேறு கணினியில் திறந்து பாருங்க. திறக்காத நகல் நகலே இல்லை.

"அப்டேட்டையே நிறுத்திடலாமா?" என்று கேட்கிறீங்க. கூடாது. வைரஸ் நுழையும் ஓட்டையை அடைப்பதே அதுதான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; பல பழைய லேப்டாப்பில் அது கிடையாது. லினக்ஸ் இலவசம்தான், ஆனால் உங்க கணக்கு மென்பொருள் அதில் ஓடுமான்னு முதலில் கேளுங்க. ஓடாது என்றால், வேறு லேப்டாப் வாங்குவது பற்றி அடுத்த செயற்குழுவில் தீர்மானம் வையுங்க.