பிணியாளரைத் தேற்றும் மொழி



நோயுற்றவர் தமக்குத்தாமே நல்வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டால் மனம் தேறும் என்னும் கொள்கை இக்காலத்தில் மருத்துவமனைகளிலும் வழங்கி வருகின்றது. ‘எனக்குக் குறையொன்றுமில்லை’ என்பன போன்ற வாசகங்களை அட்டையில் எழுதிப் படுக்கையருகே வைப்பாரும் உளர். இம்முறையை உலகறியச் செய்தவர் பிரான்சு நாட்டு மருந்தாளர் எமில் கூவே (1857–1926). இருபது முடிச்சிட்ட கயிற்றை விரலால் தள்ளிக்கொண்டே, தாம் நாளுக்குநாள் தேறி வருவதாகக் காலையும் இரவும் இருபது முறை முணுமுணுக்கும்படி அவர் கற்பித்தார். செபமாலை உருட்டுவாரைக் கண்டவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இதனை எள்ளி நகையாடுதல் நம் கருத்தன்று; சொல்லுக்கு ஆற்றல் உண்டு. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியொன்று, பேறுகாலத்தை எட்டிய 140 தாய்மாரிடம் நடத்தப்பட்டது. முதுகில் மரத்துப்போகும் ஊசி போடுமுன், இவ்விடம் மரத்துச் சுகமாயிருக்கும் என்று சிலரிடமும், பெரிய தேனீ கொட்டினாற் போலிருக்கும் என்று சிலரிடமும் கூறினர். ஊசி ஒன்றே, தேனீ என்று கேட்டவர்களே மிகுதியாக நோவுற்றனர்.

ஆயினும் இதற்கு மறுபுறமும் உண்டு. 2009ஆம் ஆண்டில் கனடா நாட்டு உளநூலறிஞர் ஜோன் உட் என்னும் அம்மையாரும் அவருடன் ஆராய்ந்தோரும் கண்டது இது: தம்மைத் தாழ்வாக எண்ணும் இயல்புடையவர், தாம் அன்புக்குரியவர் என்று திரும்பத்திரும்பச் சொல்லிக்கொண்டபோது அவ்வாறு சொல்லாதவரினும் சோர்வடைந்தனர். வாய் ஒன்றைச் சொல்ல, உள்ளம் உள்ளிருந்தபடியே அதனை மறுத்து வழக்காடுகின்றது போலும். ஆகவே, நோயாளிக்கு உரிய நல்வாக்கு எது என்பதே நாம் ஆராயத்தக்க கேள்வி.

இதற்கு அங்குத்தர நிகாயத்தின் ஆறாம் தொகுதியில் ஒரு விடை இருக்கின்றது. பக்கர் நாட்டுச் சும்சுமாரகிரியில் வாழ்ந்த நகுலபிதா என்னும் இல்லறத்தார் கடும் பிணியுற்றுக் கிடந்தார். அவர் மனைவி நகுலமாதா அவரிடம் பேசத் தொடங்கியவிதம் நம் வீடுகளில் காணக் கிடையாதது. ‘உமக்கு ஒன்றுமில்லை, நாளைக்கே எழுந்துவிடுவீர்’ என்று அவ்வம்மை சொல்லவில்லை. கவலையோடு மரிக்க வேண்டாம், கவலையோடு மரித்தல் துன்பம் என்று சாவின் பெயரைச் சொல்லியே தொடங்கினார். பின்னர், கணவர் வாய்விட்டுச் சொல்லாத அச்சங்களைத் தாமே ஒவ்வொன்றாக எடுத்து விடையிறுத்தார்.

முதல் அச்சம் பிள்ளைகளைப் பற்றியது. தாம் பஞ்சு நூற்கவும் கம்பளிமயிரைச் சிக்கெடுக்கவும் தேர்ந்தவர். ஆகையால் பிள்ளைகளைக் காத்துக் குடும்பத்தை நடத்த வல்லவர் என்றார். பஞ்சாலையில் அறுந்த இழையைச் சேர்த்தே வயிறு வளர்த்த எமக்கு, இவ்விடம் வந்தால் அடுத்த வரிக்குப் போக மனம் வருவதில்லை. தேற்றும் மொழி விண்ணிலிருந்து இறங்கவில்லை, கைத்தொழிலிலிருந்து பிறந்தது. அவ்வம்மை நூற்ற நூலை அக்கணவர் கண்ணாரக் கண்டவர். எனவே அவர் உள்ளம் அதனை மறுக்க இடமில்லை. வேறொருவரை மணக்கமாட்டேன் என்ற உறுதிக்கும், தாம் இருவரும் பதினாறாண்டு காத்த பிரமசரியத்தையே அவ்வம்மை சான்றாக வைத்தார். புத்தரையும் சங்கத்தையும் காணும் விருப்பம், சீலம், மன அமைதி, தம்மத்தில் ஐயமின்மை ஆகிய ஏனைய நான்கும் அவ்வாறே. கேட்டுக்கொண்டிருக்கும்போதே நகுலபிதாவின் பிணி தணிந்தது என்றும், கோலூன்றி எழுந்து அவர் பகவரைக் காணச் சென்றார் என்றும் சுத்தம் கூறுகின்றது.

அங்குலிமாலர் வரலாற்றிலும் இதே நுட்பம் உண்டு. பிள்ளைப்பேற்றில் வருந்திய பெண்ணொருத்திக்கு நலம் வேண்டி, தாம் பிறந்தது முதல் அறிந்து ஓருயிரையும் கொன்றதில்லை என்று சொல்லும்படி பகவர் அவரைப் பணித்தார். பலரைக் கொன்ற தமக்கு அது பொய்யாகுமே என்றார் அவர். ஆரியப் பிறப்பில், அதாவது துறவில், பிறந்தது முதல் என்று வாசகம் திருத்தப்பட்டது. நல்ல நோக்கமென்றாலும் பொய் நிற்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நகுலபிதா எழுந்தாரென்று மருந்தைத் தள்ளிவைப்பார் உளரேல், அவர் நூலைப் பாதியே படித்தவர். நோயாளியைப் பேணுவார்க்குப் பகவர் ஐந்து தகுதிகள் வகுத்தார். மருந்து அமைத்துக் கொடுக்கும் திறன் முதலாவது. ஏற்ற உணவும் ஏலாத உணவும் அறிதல் அடுத்தது. ஊதியம் கருதாத அன்பு, மலமூத்திரத்தையும் வாந்தியையும் அருவருக்காமை ஆகியவற்றின் பின்னரே, காலமறிந்து தம்மவுரை சொல்லித் தேற்றுதல் ஐந்தாவதாக வருகின்றது. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். சில வாரங்களில் இருமல் தணிந்ததும் ‘எனக்கு நோயில்லை’ என்று ஓதி மாத்திரையை நிறுத்துவோரிடம் நோய் திரும்பக்கூடும். அப்போது பழைய மருந்துக்கு அது அடங்காமலும் போகலாம். அத்தகையவர்க்கு அந்த வாசகமே நஞ்சு.

அவர் சொல்லத்தக்கது எது? ‘இன்றைய மருந்தை உண்டேன்’ என்பது. ‘உடல் நோகின்றது, உள்ளத்தை நோகாமல் காக்கப் பயில்கின்றேன்’ என்பது. நகுலபிதா முதுமையில் தளர்ந்தபோது பகவர் அவர்க்குக் கற்பித்த பயிற்சியும் இந்தப் பொருளுடையதே. நோயில்லை என்று அது சொல்லவில்லை.

நோயாளிகளைக் காணச் செல்லும் நம் உபாசகரும் உபாசிகையரும் பழத்தை மேசைமேல் வைத்தவுடன் ‘கவலைப்படாதீர்’ என்று சொல்லிவிடுகின்றனர். எதைப் பற்றிய கவலை என்று முதலில் கேட்பது நன்று. வீட்டு வாடகையா, மகள் படிப்பா, அறுவைச் சிகிச்சையா? அறுவையைப் பற்றியதாயின், மருத்துவரிடமோ செவிலியரிடமோ அவரே கேட்கத் துணையாய் நில்லுங்கள். மகள் படிப்பாயின், சங்கத்தில் கலந்து, கொடுக்க இயலுவதை முடிவு செய்து, அடுத்த முறை அவரைக் காணும்போது பள்ளியில் கட்டிய ரசீதைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.