ஆமிச் சம்பளம்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில மேய்' என்று சொல்லிப் பிள்ளை வளர்த்த ஊர் யாழ்ப்பாணம். அதே கோறணமேந்து வேலை சீருடையோடு வந்தால் மட்டும் வீடு வாயடைத்துப் போகிறது. வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டு வந்து, ஆமி வசமான காணி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு தாய்மார் தெருவில் நிற்கிறார்கள். இதற்கு நடுவே ஆமிக்கு விண்ணப்பம் போடுவதைத் தனி ஒருவரின் தொழில் விஷயம் என்று சொல்லிவிட முடியாது.

அதற்காகப் போகிறவரைத் துரோகி என்பதும் எனக்கு உடன்பாடில்லை. 2018 ஜூனில் விசுவமடுவில், சிவில் பாதுகாப்புத் திணைக்களப் பண்ணைகளை நடத்திய கேணல் ரத்னப்பிரிய பந்து மாற்றலாகியபோது, அங்கு வேலைசெய்த தமிழர்கள் மாலை போட்டு அழுது வழியனுப்பினார்கள். அவர்களில் முன்னாள் போராளிகளும் இருந்தார்கள். தென்னிலங்கை பூரித்தது, எங்களில் பலர் கொதித்தார்கள். மாதம் தவறாத சம்பளத்தை அந்தக் குடும்பங்களுக்கு வேறு யார் கொடுத்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

சரி, படிவம் கையில் இருக்கிறது. முதலில், வேலை என்ன என்று எழுத்தில் கேளுங்கள். 2012இல் கிளிநொச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். எழுதுவினைஞர் வேலை என்று நம்பித்தான் போனோம் என்று பிறகு முறைப்பாடு வந்தது. பிடிக்காவிட்டால் மறுநாள் நின்றுவிட இது கடை வேலை அல்ல. லீவு இல்லாமல் வராமல் நின்றால் 'தப்பியோடியவர்' என்ற பெயர் ஒட்டும்.

நிரந்தரம் என்பதையும் தட்டிப் பாருங்கள். இரண்டு லட்சம் பேர் கொண்ட இராணுவத்தை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் அரசே அறிவித்தது. சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்கப் பொதுவாக 22 வருடம் ஓட வேண்டும்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள், நீங்களே கேட்க வேண்டும்: எந்த உத்தரவுக்கு மாட்டேன் என்பீர்கள்? போரில் இறந்தவர்களுக்காக மே 18 அன்று விளக்கேற்ற வரும் சனத்தை மறிக்கச் சொன்னால்? பக்கத்து வீட்டாரின் காணியில் காவல் நிற்கச் சொன்னால்? பதில் இல்லாவிட்டால் சம்பளம் எவ்வளவு என்றாலும் போக வேண்டாம்.

ஆமிச் சம்பளத்துக்காக ரஷ்யப் பக்கம் திரும்பியே பார்க்காதீர்கள். ரஷ்யப் படையில் சேர்ந்த 554 இலங்கையரில் 59 பேர் இறந்துவிட்டதாக 2025 பெப்ரவரியில் வெளிவிவகார அமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். ஐரோப்பாவுக்கென்று ஏஜென்சிக்குக் காசு கட்டிய யாழ்ப்பாணப் பிள்ளைகளும் அங்கே அகப்பட்டதாகக் குடும்பங்கள் முறையிட்டன.

சீருடைதான் வேண்டுமென்றால் பொலிஸ் பக்கம் போங்கள் என்பேன். தமிழில் முறைப்பாடு எழுத ஆளில்லாமல் சனம் இன்னும் அலைகிறது. எங்கே போனாலும் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். சிங்களத்தில் மட்டும் இருந்தால், தமிழில் தரும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.